ஜீப் அவனுக்கு, கயிறு எனக்கு

மார்ச் 5, சனி

வியாழக்கிழமை விவாகரத்து முடிந்தது. இன்று சனிக்கிழமை. ஆகவே ராய்ஸும் நானும் வழக்கம்போலப் பழைய சுரங்கம் பார்க்கக் கிளம்பினோம்.

வேறு வழியில்லை. நீதிபதி சொத்தைப் பிரித்த விதம் அப்படி. ஜீப் அவனுக்கு. கயிறுகள், வரைபடங்கள், விஷக்காற்றை அளக்கும் மீட்டர் எல்லாம் எனக்கு. ஜீப் இல்லாமல் என்னால் அங்கே போய்ச் சேர முடியாது. மீட்டர் இல்லாமல் அவன் உள்ளே இறங்கக் கூடாது. நெவாடா சட்டத்தில் இதற்கு ஒரு வழியும் இல்லை போலிருக்கிறது.

வாசலில் நின்று ஹாரன் அடித்தான். முன்பெல்லாம் கூடத்திலிருந்து "டெல்லா" என்று கத்துவான். ஹாரன் பரவாயில்லை.

ஹாப்குட் வீட்டுக்குப் போனோம். உப்புத்தரைக்கு அந்தப் பக்கம் குன்றை ஒட்டி ஒற்றை அறை. சும்மா கிடைத்த நிலம் என்று யாரோ நம்பி வந்து, கிணறு தோண்டி, தண்ணீர் வராமல் கிளம்பிவிட்டார்கள். அடுப்பை விட்டுப் போயிருக்கிறார்கள். பலகைச் சந்துகளில் காற்று வராமல் இருக்கச் சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. ராய்ஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மலச்சிக்கல் மாத்திரை விளம்பரம் ஒன்றை முழுதாக வாசித்துக் காட்டினான். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையை நீட்டுகிற மனுஷன், இந்த மாதிரி இடத்துக்கு வந்தால் வாய் ஓயமாட்டான். எங்கள் கல்யாண வாழ்க்கை பாலைவனத்தில் நன்றாகத்தான் இருந்தது. குடியிருந்தது ஊருக்குள்.

"புருஷனும் பொண்டாட்டியும் இங்க உக்காந்து என்னதான் பேசியிருப்பாங்க?" என்றான்.

"தண்ணியப் பத்தி" என்றேன்.

எனக்கும் சேர்த்து சாண்ட்விச் கொண்டு வந்திருந்தான். நான் ஊறுகாய் சாப்பிடமாட்டேன் என்பது அவனுக்கு நினைவிருக்கிறது.

மார்ச் 12, சனி

ஒரு வெள்ளிச் சுரங்கம். சுரங்க வாயிலில் பாம்பு படுத்திருந்தது, சுற்றிக்கொண்டு போனோம். உள்ளே ஒரு பெட்டியில் டைனமைட். பழைய டைனமைட் வியர்க்கும். அந்த வியர்வை பட்ட பெட்டியைத் தெரியாமல் உதைத்தாலும் போதும், வெடித்துவிடும். நான் மூச்சைக்கூடப் பார்த்துதான் விட்டேன்.

"உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றான் ராய்ஸ்.

"இப்பவா?"

"பெவர்லின்னு ஒருத்தி. பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கிறா."

"தெரியும். எனக்கு நேரம் குறிச்சுக் கொடுக்கிறதே அவதான்."

"அவளும் நானும்..."

"ராய்ஸ், முதல்ல வெளிய போலாம். மெதுவா."

வெளியே வந்தபிறகு அவன் மேற்கொண்டு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கடைவாய்ப்பல் வலித்தது.

மார்ச் 16, புதன்

பல் டாக்டர். பெவர்லி ரொம்ப அன்பாக நடந்துகொண்டாள். மரியாதை இல்லாமல் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மார்ச் 26, சனி

பெவர்லியும் வந்தாள். வெள்ளைச் செருப்பு. நான் பின்சீட்டில்.

கார்னெலியா சுரங்கம். சுரங்கக்காரன் தன் பெண்டாட்டி பெயரை வைத்தானாம். அவள் ஒருமுறைகூட வந்து பார்த்திருக்கமாட்டாள். பெவர்லி வாயிலிலேயே நின்றுவிட்டாள். "எனக்கு இது ஆகாது. மூச்சு முட்டுது. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே இடிந்து கிடந்த சுரங்கக்காரனின் வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனாள்.

உள்ளே கொஞ்ச தூரத்திலேயே தரையில் கிணறு மாதிரி ஒரு குழி, செங்குத்தாக. மர ஏணி இறங்குகிறது. விளக்கடித்தால் பாதியில் ஒரு பலகைத் தட்டு தெரிந்தது, அதற்குக் கீழே இருட்டு. நான் ஏணியை ஒரு உலுக்கு உலுக்கினேன். ஒரு படி கையோடு வந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"வேண்டாந்தான்" என்றான். ஆனால் குனிந்தபடியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தால் பெவர்லி மலர்ந்த முகத்தோடு நிற்கிறாள். "கக்கூஸ் எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன். வீட்டுக்கு மேக்கால. காத்து அந்தப் பக்கமிருந்துதான் வருது. கட்டுனது ஆம்பளதான், சந்தேகமே இல்ல."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இவளோடு சேர்ந்து சிரிப்பதா?

ஏப்ரல் 1, வெள்ளி

ராய்ஸ் போன் செய்தான். இனி சனிக்கிழமை கிடையாதாம்.

"பெவர்லிக்கு இது சரியாப் படல."

"எது?"

"நாம."

"நாமன்னுதான் ஒண்ணும் இல்லயே."

"அவளும் அதத்தான் சொல்றா."

சொந்தமாகக் கயிறு வாங்கிவிட்டானாம். மீட்டர் இன்னும் வாங்கவில்லையாம். முதலில் மீட்டரை வாங்கு என்றேன். சரி என்றான். ராய்ஸின் 'சரி' எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 2, சனி

துணி துவைத்தேன்.

ஏப்ரல் 9, சனி

துணி துவைத்தேன். பாதி ஏற்கெனவே துவைத்ததுதான்.

ஏப்ரல் 18, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கு நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை வேறு ஒருவர் ஓட்டுகிறார். நான் லீவு சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலையில் பெவர்லி வந்து கதவைத் தட்டினாள். தலை வாரவில்லை. சனிக்கிழமை ராய்ஸ் தனியாகக் கிளம்பிப் போயிருக்கிறான். இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றவன் வரவில்லை.

"எங்கன்னு சொல்லிட்டுப் போனானா?"

"வடக்கன்னு சொன்னார். ஷெரிஃப் ஆபீஸ்ல சொல்லிட்டேன், ஆளுங்க வடக்கால தேடறாங்க."

"அவன் எந்தப் பக்கம் போனாலும் வடக்குன்னுதான் சொல்லுவான். கார்னெலியாவுக்குப் போயிருப்பான்."

"எப்படிச் சொல்றீங்க?"

ஏணியைப் பார்த்தபடி குனிந்து நின்றானே, அதை எப்படி அவளுக்குச் சொல்வது. "தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஷெரிஃப் ஆபீசுக்கு மறுபடி போன் செய்தாள். ஆட்களைத் திருப்பி அனுப்புகிறோம், நேரமாகும் என்றார்கள். நான் கயிறும் மீட்டரும் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். அவளுடைய டிரக்கில் போனோம். நன்றாக ஓட்டுகிறாள்.

ஜீப் அங்கே நின்றது. பெவர்லி குதித்து உள்ளே ஓடப் பார்த்தாள். இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். மூச்சு முட்டும் என்றவள் அப்படி ஓடினாள். அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

மீட்டரைப் பார்த்துக்கொண்டே குழி விளிம்புவரை போய்க் கூப்பிட்டேன்.

"பெவ்?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"டெல்லா" என்றேன்.

பிறகு, "ஓ. மீட்டர் கொண்டு வந்தியா?"

கொண்டு வந்திருந்தேன். ஏணி உடைந்து, அந்தப் பலகைத் தட்டில் கிடந்தான். கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அவனிருக்கும் மட்டத்தில் சும்மா இருந்தது. அவனைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியதும் அலறியது. கெட்ட காற்று கீழே தேங்கி நிற்கிறது. தட்டு உடைந்தால் விழும் அடியே வேண்டாம், அந்தக் காற்றே அவனை முடித்துவிடும்.

பெவர்லியை நெடுஞ்சாலைக்குத் திருப்பி அனுப்பினேன். மீட்புக்காரர்களுக்கு இந்தப் பாதை தெரியாது, யாராவது நின்று கூட்டி வர வேண்டும். மறுபேச்சுப் பேசாமல் போனாள். போகும்முன் குழிக்குள் குனிந்து, "ராய்ஸ், அவங்க சொல்றபடி கேளுங்க" என்றாள்.

ஜீப் சாவி அவன் பையில். மீட்டர் கட்டியிருந்த கயிற்றிலேயே கட்டி அனுப்பினான். ஜீப்பைச் சுரங்க வாய்க்கு ஓட்டிவந்து நிறுத்தினேன்.

"கிளட்ச்ச பாத்து விடு" என்று பாதாளத்திலிருந்து சொல்கிறான்.

பெரிய கயிற்றை ஜீப்பில் கட்டி மறுமுனையை இறக்கினேன். கக்கத்துக்குக் கீழே கட்டிக்கொண்டான். அந்தக் காலோடு அவனை நான் தனியாக இழுக்கக் கூடாது, ஆட்கள் வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. தூங்கிவிடாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏன் தனியா வந்தே?"

"சனிக்கிழம வந்திருச்சு. என்ன பண்றதுன்னு தெரியல."

"துணி துவைக்க வேண்டியதுதானே."

வலியோடு சிரித்தான். கொஞ்சம் கழித்து, "நீ ஏன் என்ன விட்டுட்ட, டெல்?" என்றான்.

"நீ வீட்ல இருந்தப்பவும் நான் தனியாத்தான் இருந்தேன்."

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். டிவி பாத்துக்கிட்டிருந்தே."

"மெதுவாச் சொன்னியா?"

"இல்ல."

பலகை கிரீச்சிட்டது. பிறகு அவன் சொன்னான்: "டெல். பயமா இருக்கு."

என்ன மனுஷன் இவன். இத்தனை வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு — அவங்க அம்மா செத்தப்ப, வேலை போனப்ப, எனக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னப்ப — ஒரு தடவ இந்த வார்த்தைய வாயில இருந்து எடுத்ததில்ல. இப்ப, வேற ஒருத்தி பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, குழிக்குள்ள கிடந்துக்கிட்டு எங்கிட்ட சொல்றான். நான் என்ன செய்யணும்? கைக்கு எட்டின தூரத்துல கூட இல்ல அவன்.

"எனக்கும்தான்" என்றேன். "பேசிக்கிட்டே இரு."

பேசினான். எல்லாம் பேசினான். அதை இங்கே எழுதப் போவதில்லை.

வண்டிச் சத்தம் கேட்டு, ஹெல்மெட் விளக்குகள் உள்ளே வந்துகொண்டிருந்த நேரத்தில் பலகை போனது. கயிறு போகவில்லை.

ஏப்ரல் 20, புதன்

ரீனோவில் ஆஸ்பத்திரி. நர்ஸ் வெளியே வந்து, "மனைவி யாரு?" என்றாள். பெவர்லி என்னைக் காட்டினாள். நான் பெவர்லியைக் காட்டினேன்.

"யாராவது ஒருத்தர் உள்ள வாங்க" என்றாள் நர்ஸ். அவள் வேலை அவளுக்கு.

பெவர்லியை அனுப்பிவிட்டு நான் காபி இயந்திரத்தோடு நின்றேன். நான் போயிருக்க வேண்டுமா? இருட்டில் முதலில் வந்தது அவள் பெயர். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அப்புறம் பேசியதெல்லாம் என்னிடம். அதுவும் சாட்சிதானே.

காபி வாயில் வைக்க முடியவில்லை.

மே 14, சனி

ராய்ஸ் போன். பெவர்லி வீட்டில் காலை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறானாம்.

"டெல், அன்னிக்குப் பேசினோமே. அந்த மாதிரி வீட்லயும் பேசலாம்னு தோணுது. நீ சொன்னா நான் திரும்ப வந்திடறேன்."

இந்த வார்த்தைக்காக நான் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அடுப்படியில் நின்று, ஈரக்கையைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பெவர்லி பக்கத்துல இருக்காளா?"

"கடைக்குப் போயிருக்கா."

"உன்னக் காணோம்னு அவ என் வீட்டு வாசலுக்கே வந்தா, ராய்ஸ். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. அவ வந்ததும் உக்கார வச்சு, எங்கிட்ட சொன்னத எல்லாம் அவகிட்ட சொல்லு. பயமா இருக்குன்னும் சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

போனை வைத்தபிறகு அழுதேன். கொஞ்ச நேரம்தான். கழுவிய தட்டையே மறுபடி கழுவியிருக்கிறேன், அப்புறம்தான் கவனித்தேன்.

ஜூன் 11, சனி

பெவர்லி ஜீப் சாவியோடு வந்து நிற்கிறாள். காலில் பூட்ஸ்.

"அந்த ஹாப்குட் வீட்டப் பாக்கணும். தனியாப் போகக் கூடாதுன்னு நீங்க சொல்வீங்களாமே."

"ராய்ஸுக்குத் தெரியுமா?"

"தெரியும். கதை கதையாச் சொன்னார், சுவத்துல ஒட்டியிருக்கிற பேப்பர் வரைக்கும். இப்பல்லாம் ரொம்பப் பேசறார், டெல்லா. காலையில கண்ண முழிச்சதுல இருந்து. நேத்து அவரோட குழந்தைப் பருவம். கொஞ்சம் வெளிய போய்ட்டு வரலாம்னு தோணுச்சு."

இதில் என் பங்கு என்ன என்று நான் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 8, சனி

அவர்கள் கல்யாணம். கேக் நன்றாக இருந்தது. ராய்ஸ் தடியை ஊன்றிக்கொண்டு நீளமாகப் பேசினான். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். பெவர்லி மட்டும் என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 5, சனி

கிழக்கு மலைக்கு அடியில் புதிதாக ஒரு வீடு கண்டுபிடித்தோம். கூரை பாதி இருக்கிறது. இரண்டு அறை. சின்ன அறை எதற்கு என்று எனக்கும் பெவர்லிக்கும் வாக்குவாதம். கோழி அடைத்திருப்பார்கள் என்கிறாள் அவள். மாமியார் இருந்திருப்பாள் என்கிறேன் நான். சன்னல் எதற்கு, கோழிக்கா? மாமியாருக்கு மட்டும் யார் சன்னல் வைப்பார்கள் என்கிறாள். சாப்பிடும்போதும் விடவில்லை. காற்று பலமாக அடித்தது, ரொட்டியில் மணல்.

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். பேச ஒன்றுமில்லாமல் கொஞ்ச தூரம் வந்தோம், அது நன்றாகத்தான் இருந்தது. ஊர் விளக்குகள் தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது, காலையிலிருந்து ராய்ஸ் பெயரை நாங்கள் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

பெவர்லியிடம் சொல்லவில்லை. சொன்னால் பெயரை எடுத்ததாகிவிடும்.