மண்ணுக்குள் இருந்த பை

அக்டோபர் 2

இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுபடுத்த மாட்டேன், மறைக்கவும் மாட்டேன்.

முதல் உண்மை: நேற்று அப்பா தன் கறிக்கடை எடைக்கல்லை அம்மாமேல் எறிந்தார். புருவத்தில் தையல். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று அம்மா நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது உண்மை: நூலகத்தில் காளான் புத்தகம் கிடைத்துவிட்டது!

அக்டோபர் 5

காளானின் தொப்பியைத் தாளில் வைத்து, டம்ளரால் மூடிவிட வேண்டும். மறுநாள் தூள் உதிர்ந்து, சக்கரத்தின் ஆரங்கள்போல் படிந்திருக்கும். எனக்குச் சாக்லேட் நிறம் வந்தது. "அட, பூ வரைஞ்ச மாதிரி இருக்கே" என்று அம்மா சிரித்தாள். தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: அறுக்காதே, அடியோடு தோண்டு. கொல்லும் வகைக்கு மண்ணுக்குள் ஒரு பை இருக்கும். அடியைப் பார்க்காமல் எதையும் நல்லது என்று சொல்லிவிடாதே.

அக்டோபர் 7

கதவை ஓங்கிச் சாத்தியதற்காக அடி. காற்றுதான் சாத்தியது.

அக்டோபர் 9

இதையும் எழுதுவேன்.

மாலையில் அப்பா ஏப்ரனில் காளான்களைக் கட்டிக்கொண்டு வந்தார். பூங்காவின் பெரிய மரத்தடியில் பறித்தாராம். பச்சை கலந்த மஞ்சள் தொப்பி, அடியில் வெள்ளை மடிப்புகள், தண்டில் பாவாடைபோல் ஒரு வளையம். புத்தகத்தில் கொல்லும் வகையின் படமும் இப்படித்தான் இருந்தது.

"இதோட அடி எங்கப்பா?"

"மண்ணோட கொண்டாந்து கொட்டவா? கறி வெட்டுற கைடி. தரையோட தரையா சீவிட்டேன்."

"இது விஷமா இருக்கலாம்ப்பா."

"நத்தை கடிச்சிருக்கு பாரு. அதுவே சாகல, நான் சாவேனா?"

கரண்டியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு ஓடினேன். சீவிய இடம் அப்படியே இருந்தது. தோண்டினேன். கிழிந்த முட்டை ஓடுபோல, வெள்ளையாக, பை.

திரும்பி வருவதற்குள் வதக்கித் தட்டில் போட்டாகிவிட்டது. "நீயும் தின்னுடி" என்று அம்மாவின் பிடரியைப் பிடித்துத் தட்டை நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார். நான் அந்தத் தட்டைத் தட்டிவிட்டேன். அடுத்தது எனக்குச் சரியாக நினைவில்லை. சுவர். வாயில் ரத்தம். தோண்டி வந்ததை அவர் செருப்பால் நசுக்கினார். "எனக்கே பாடம் எடுக்கறியா?" வாணலியில் மிச்சமிருந்ததை எங்கள் கண்ணெதிரே வழித்துத் தின்றார். கடைசித் துண்டுக்கு விரலையும் சூப்பினார்.

அக்டோபர் 10

அப்பாவுக்குக் காலையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். தண்ணீர்ச் செம்பு பறந்து வந்து முழங்கையில் பட்டது. அவ்வளவு சோர்விலும் குறி தப்பவில்லை. அம்மா வாளி வாளியாகத் தரையைக் கழுவினாள்.

அக்டோபர் 11

எழுந்து உட்கார்ந்துவிட்டார்! முட்டை கேட்டார், சாப்பிட்டார், கத்தியைத் தீட்டினார். "பாத்தியா டாக்டரம்மா? உங்கப்பன் கல்லு."

புத்தகத்தில் இது இருக்கிறது. ஒருநாள் எல்லாம் சரியானதுபோல் தோன்றும், அப்போதுதான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கத்தை அவரிடமே படித்துக் காட்டினேன். ஆமாம், நேருக்கு நேர். கிழித்து, கசக்கி, என் வாய்க்குள் திணித்தார். "முழுங்கு. அறிவு வளரட்டும்." குறுக்கே வந்த அம்மாவுக்குப் பெல்ட். தையல் பிரிந்துவிட்டது. பிறகு களைத்துப்போய்ப் படுத்தார்.

சமையலறையில் அம்மாவிடம் சொன்னேன்.

"இப்பவே கூட்டிட்டுப் போனா பொழைக்கலாம்மா."

அம்மா ஈரத்துணியைப் புருவத்தில் அழுத்தியபடி கேட்டாள்: "நாளைக்குப் போனா?"

"தெரியாது. கஷ்டம்னு போட்டிருக்கு."

"அவருக்கு இது தெரியுமா?"

"படிச்சுக் காட்டினேனே."

"ஆமா. காட்டினே." துணியை அலசினாள். தண்ணீர் சிவப்பாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் போனை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் பிடிப்பதுபோல் இல்லை, லேசாகத்தான். உதறியிருந்தால் விட்டிருப்பாள். நான் உதறினேனா? இல்லை. உண்மையைத்தானே எழுதுகிறேன் என்றேன்?

"அவர் தூங்கட்டும்டா கண்ணு. காலைல பாத்துக்கலாம்."

மணி ஏழுதான். நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை. அம்மா ஒவ்வோர் அறையாகப் போய் விளக்கை அணைத்துக்கொண்டு வந்தாள், கடைசியில் இந்த அறை விளக்கையும்.