ஒரு ஸ்பூன் கற்பூரவல்லி எண்ணெய்

மத்திய சிறை,
12.3.2024

அன்பு அக்கா ஜெபாவுக்குத் தம்பி ஜெரோமின் ஸ்தோத்திரம்.

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். நேற்று குளிக்கும் இடத்தில் ஒருவன், "இன்னாடா, ஒரு கெழவன் கைய வெட்டிட்டு வந்துகினு, நீயெல்லாம் பெரிய ஆளா?" என்றான். பக்கெட்டால் வாயிலேயே அடித்தேன். இரண்டு பல் விழுந்தது. அவன் ஆட்கள் என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலாவில் கட்டுப் போட்டிருக்கிறது.

எனக்கு வருத்தமில்லை அக்கா. அந்த அருணகிரி விற்ற அல்சர் தைலத்தைக் குடித்துத்தானே அப்பா இரத்தமாக வாந்தி எடுத்துச் செத்தார்? என் வேனின் பின்சீட்டில் அவரை மடியில் போட்டுக்கொண்டு நீ அலறியது இன்னும் காதில் கேட்கிறது. அடக்கம் முடிந்த மறுநாளே மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தைலக் கடைக்குப் பக்கத்து இளநீர் வண்டியில் அரிவாள் இருந்தது. அதை எடுத்து அருணகிரியை வெட்டினேன். அந்த ஆளின் இரண்டு விரல் அங்கேயே விழுந்தது. இன்னொரு முறை பார்த்தாலும் வெட்டுவேன்.

நான்கு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் வந்தாய். அப்படி என்ன வேலை உனக்கு?

உன் தம்பி,
ஜெரோம்

செங்கல்பட்டு,
24.3.2024

அன்புத் தம்பி ஜெரோமுக்கு,

யாரோடும் சண்டைக்குப் போகாதே. வலி இருந்தால் மறைக்காமல் அங்குள்ள டாக்டரிடம் சொல்.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை சரியாக இருக்கிறது. எலிகளுக்கு வலி மாத்திரை கொடுத்து வயிற்றில் புண் உண்டாக்குகிறோம். பிறகு கற்பூரவல்லி இலையிலிருந்து வடித்த வீரியமான எண்ணெயைக் குழாய் வழியாக உள்ளே விடுகிறோம். கடைசியில் அவற்றைக் கொன்று, இரைப்பையை அறுத்து விரித்து, லென்ஸ் வைத்துப் புண்களை அளக்க வேண்டும். நவம்பரில் குறைந்த அளவு கொடுத்தவற்றுக்கு அழகாக ஆறியிருந்தது. பிப்ரவரியில் அளவைக் கூட்டினேன். ஆறு எலிகளும் இரத்தம் கக்கிச் செத்தன. அறுத்தால் உள்ளே வெந்து கறுத்திருந்தது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு மாமல்லபுரம் போனேன். கடையில் அருணகிரியின் மனைவி கன்னியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் பாட்டிலுக்கு மூடி திருகுவதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இனி அருணகிரியை அந்த ஆள் என்று எழுதாதே ஜெரோம்.

அக்கா,
ஜெபா

மத்திய சிறை,
9.4.2024

அக்காவுக்கு,

அப்பாவைக் கொன்றவனுக்கு மரியாதை கொடுக்கச் சொல்கிறாயா? உனக்கு என்ன ஆயிற்று?

வக்கீல் தேவசகாயம் சார் வந்திருந்தார். போலீஸ் அந்தத் தைலத்தைச் சோதனைக்கு அனுப்பியதாம். நல்லெண்ணெயும் கொஞ்சம் ஓமமும்தான், ஆளைக் கொல்லுகிற எதுவும் அதில் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. நம் வீட்டு அலமாரியில் இருந்த பாட்டிலுக்குச் சீலே உடையவில்லையாம். "அப்போ உங்கப்பா இன்னாதான் குடிச்சாரு? கூட இருந்தது உங்கக்காதானே, அவங்களக் கேளு" என்கிறார்.

கேட்கிறேன். சொல்.

ஜெரோம்

செங்கல்பட்டு,
21.4.2024

ஜெரோம்,

இந்தக் கடிதத்தைச் சிறையில் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள். படிக்கட்டும்.

நான்தான் கொடுத்தேன்.

நவம்பரில் எலிகளுக்கு ஆறியதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா முட்டி வலிக்கு மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணாகித் துடித்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்து எண்ணெயைச் சின்ன பாட்டிலில் எடுத்துவந்து முதலில் மூன்று சொட்டு கொடுத்தேன். "கொஞ்சம் தேவலாம்மா" என்றார். பிறகு பத்து சொட்டு. கடைசி நாள் வலி தாங்காமல் சுவரைப் பிறாண்டினார். ஒரு ஸ்பூன் ஊற்றினேன், ஜெரோம். எதிலும் கலக்கவில்லை. "எரியுதும்மா" என்றார். "மருந்துன்னா எரியத்தாம்பா செய்யும்" என்று சொல்லி வாயைத் துடைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் "என்ன குடித்தார்?" என்று கேட்டபோது, ஏதோ தைலம் என்றேன். பாட்டில் என் கைப்பையிலேயே இருந்தது. நீ அருணகிரி பெயரைச் சொல்லிக் கத்தியபோதும் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு விரல் இருந்திருக்கும். நீ வெளியே இருந்திருப்பாய்.

நேற்று ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். கல்லூரிக்குப் போன வாரமே சொல்லிவிட்டேன். என்னை நீக்கிவிட்டார்கள். கன்னியம்மாவிடம் போய்ச் சொன்னபோது, கையில் இருந்த பாட்டிலால் என் நெற்றியில் அடித்தார். ஐந்து தையல். அடிக்கட்டும் என்று நின்றேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை.

ஜெபா

மத்திய சிறை,
15.5.2024

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டேன். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அடுத்த ஒரு வாரம் நீ என் முன்னால் நின்றிருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. முதல் வெட்டிலேயே அருணகிரி கையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். "நைனா, உங்கப்பாரு என் தைலத்தத் தொடவேயில்ல. எம் பொண்ணு வேற மருந்து குடுத்துகினு கீதுன்னு போன வாரங்கூட அவரே போன்ல சொன்னாரு" என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. உன்னைத்தான் சொல்கிறார் என்றும் புரிந்தது. அதை நம்ப மனமில்லாமல், அவர் வாயை மூட வேண்டும் என்றுதான் திரும்பவும் வெட்டினேன். விரல்கள் விழுந்தது அப்போதுதான்.

அந்த விரல்களின் பழியை நீ சுமக்க வேண்டாம். வக்கீலிடம் சொல்லிவிட்டேன். கோர்ட்டிலும் சொல்வேன்.

என்னைப் பார்க்க வராதே. அப்பா "எரியுதும்மா" என்று சொன்னதை நீ எழுதியிருக்க வேண்டாம், தூங்க முடியவில்லை. நெற்றித் தையல் ஆறியதா என்று மட்டும் எழுது. பதில் போடுவேனா என்று இன்று என்னால் சொல்ல முடியாது.

ஜெரோம்