முடியாது என்று சொல்லும் வேலை

அக்டோபர் 7, செவ்வாய்

மினியாபொலிஸில் முதல் பனி. நான் காரை எடுக்கும்போது வெர்லின் வாசலில் நின்று கத்தினார்: "இன்னிக்கு எத்தனை பேர் வைத்தியத்தை நிறுத்தப் போறீங்க, தலைமை டாக்டரம்மா?" காப்பீட்டு நிறுவனத்தில் தலைமை மருத்துவராக இருப்பவளைக் குழந்தை மருத்துவர் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

அக்டோபர் 16, வியாழன்

என் கணினி நிரல் தயார்! நோயாளிக்கு மருந்து கொடுக்க டாக்டர் எங்களிடம் அனுமதி கேட்டால், சரியா முடியாதா என்று கண்மூடித் திறப்பதற்குள் பதில். "புத்தாண்டுல இது ஓட ஆரம்பிச்சதும் துணைத் தலைவர் நாற்காலி உங்களுக்குத்தான், மேரிட்" என்றார் எங்கள் தலைவர் ட்ரெண்ட். அடக்கமாகத் தலையாட்டினேன். லிஃப்டுக்குள் போய்த் துள்ளினேன்.

அக்டோபர் 20

சோதனைக்கு முதல் இடம் வெர்லினின் கிளினிக். வம்பை விலை கொடுத்து வாங்கியவள் நானேதான்.

நவம்பர் 4, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் வெர்லின் கேலி செய்யவில்லை. அதுவே பயமாக இருந்தது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறல். மருந்து கேட்டிருக்கிறார். நிரல் மறுத்துவிட்டது. காரணம்: நோயாளி புகைப்பழக்கத்தை விட முயன்றதாகத் தகவல் இல்லை.

"எட்டு மாசக் குழந்தை, மேரிட். இப்பதான் பல்லே முளைக்குது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதோட அம்மா மருந்தில்லாம குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டா."

அங்கேயே போனை எடுத்து அனுமதி கொடுத்தேன்.

நவம்பர் 5

குழந்தை தேறிவிட்டது. சரி, வெர்லினுக்குப் பெண்டாட்டி நான் இருக்கிறேன். மற்ற டாக்டர்களுக்கு? புகைப்பழக்கம் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. வயதைப் பார் என்று நிரலுக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால் — நானும்தான்.

நவம்பர் 12, புதன்

ட்ரெண்டிடம் சொன்னேன்: "சரின்னு மெஷினே சொல்லட்டும். முடியாதுன்னு சொல்லணும்னா ஒரு டாக்டர் படிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

"அப்ப வேகம்?"

"குறையும்."

"உங்க நாற்காலி?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

அந்த விதி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

நாற்காலி வேறொருவருக்கு. ஆனால் நான் கேட்ட விதியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மறுப்புகளைப் படிக்கும் குழுவுக்கு இனி நான் பொறுப்பு.

வெர்லின் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுப்பில் வாட்டி வைத்திருந்தார். "பதவி போனா போகுது. இப்பதான் உனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு." கொஞ்சம் அழுதேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜனவரி 14, புதன்

வடக்கே ஒரு சிற்றூர் டாக்டர். அவர் கேட்டதை நிரல் மறுக்கச் சொல்கிறது. எதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமென்று அழைத்தேன்.

"இன்சூரன்ஸா? நீங்களா கூப்பிடறீங்க? நிஜ ஆளுதானா?"

"நிஜ டாக்டரே."

"அப்ப லைன்லயே இருங்க. பேஷண்டைப் பார்த்துட்டு வந்துடறேன்."

போனில் காத்திருப்போருக்கான இசை. எங்களை அழைக்கும் டாக்டர்கள் கேட்டுக் காத்திருக்கும் எங்கள் கம்பெனி இசையைவிட மோசம். போனை வைக்கவில்லை.