மேசை மேல் குறைப்பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

எனக்கு எழுத்து வராது. லாரி ஓட்டுகிற மகன் போன தடவை வந்தபோது, கைபேசியில் ஒரு பொத்தானைக் காட்டிவிட்டுப் போனான். அழுத்திக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. இதுவரை முழங்கால் வலி, மாத்திரை, தண்ணீர் வராத நாள் என்றுதான் பேசி வைத்திருக்கிறேன். இன்று வேறு விஷயம்.

மருமகள் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில், அவள் இருக்கிற ஒட்டும் கூடத்தில், பதினாறாம் தேதியிலிருந்து புதுச் சட்டமாம். யார் ஒட்டிய பெட்டி பிரிந்துபோகிறதோ, அதை அவர் மேசை மேலேயே எல்லார் கண்ணிலும் படும்படி, வேலை முடிகிறவரை நிறுத்தி வைக்க வேண்டும்.

"எவனோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்துல கண்டுபிடிச்சதாம் மாமா. சின்ன முதலாளியம்மா பழைய நோட்டுல பாத்து எடுத்திருக்காங்க. நீங்க ஃபோர்மேனா இருந்தப்ப இருந்துச்சா?"

இருந்தது என்றேன். அதோடு எழுந்து கைகழுவப் போய்விட்டேன். கை சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 4, புதன்

அந்தப் புண்ணியவான் நான்தான்.

மார்ச் 6, வெள்ளி

படிக்காதவன் எதையும் எழுதி வைத்துவிட்டு மறக்க முடியாது. எல்லாம் தலைக்குள்தான் கிடக்கும். இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. கூடத்தில் ஐம்பத்திரண்டு பேர். யார் எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார்கள், யாருக்குப் பசை பட்டால் விரல் வெடிக்கும், இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

நாளுக்கு நாற்பது பெட்டி கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஏதாவது பண்ணுய்யா என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. கெடுத்தவர் முன்னால் கெட்டதை நிறுத்தி வைத்தால் தானாகப் புத்தி வரும் என்றேன். அதற்குக் குறைப்பெட்டி என்று பேர் வைத்ததும் நான்தான்.

முதல் வாரம் ஒருத்தி அழுதாள். நான் அவள் மேசையைத் தாண்டும்போது, "என்னம்மா, இன்னைக்கு உனக்குச் சிலை வெச்சாச்சு போல" என்றேன். கூடமே சிரித்தது. சிரிக்காவிட்டால் அடுத்து தன் பக்கம் திரும்புவேனோ என்று சிரித்திருப்பார்கள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. நல்ல பகடி பண்ணிவிட்டோம் என்று நடந்தேன்.

மூன்றே வாரத்தில் நாற்பது நாலாகிவிட்டது. பெரிய முதலாளி என் தோளில் கை போட்டு, உன் தலைக்குள்ள இருக்கறது எந்தப் படிச்சவன்கிட்டயும் இல்லய்யா என்றார். கையெழுத்துப் போடத் தெரியாதவனிடம் அப்படிச் சொன்னால் அவனுக்கு என்ன ஆகும்? காலே தரையில் படவில்லை.

மார்ச் 7, சனி

நேற்று பாதியைத்தான் சொன்னேன். போனிடம்கூடப் பாதிதான் சொல்ல வருகிறது.

மடித்துத் தட்டையாக அடுக்கின ஐம்பது பெட்டி ஒரு கட்டு. கட்டின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினால் ஐம்பதும் ஒரே சத்தமாக ஓடும். ஒரு வியாழக்கிழமை, தையல் மிஷின் கம்பெனிக்குப் போகிற கட்டில் விரலை ஓட்டினேன். நடுவில் சத்தம் தடுக்கியது. நூலை அவிழ்த்தேன். இருபத்துநாலு, இருபத்தைந்து, இருபத்தாறு — மூன்றும் அடிமடிப்பு பிரிந்தவை. வாங்குகிறவன் மேலே இரண்டும் கீழே இரண்டும்தான் எடுத்துப் பார்ப்பான். நடுவில் செருகினால் யாருக்குத் தெரியும்? பக்கத்துக் கட்டைத் தடவினேன். அதிலும் தடுக்கியது.

அப்போதுதான் புரிந்தது, ஒன்றும் குறையவில்லை என்று. ஒளிய இடம் கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தேன். ஒருத்தர் கையும் நிற்கவில்லை. ஆனால் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நூலைத் திரும்பக் கட்டினேன். முடிச்சை இறுக்கினேன். கட்டை லாரிப் பக்கம் தள்ளினேன்.

முதலாளி என் தோளில் கை போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வேறு காரணமே கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

இடதுகைக்காரியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

இடது கையால் பசை தடவுவாள். கூடத்திலேயே சுத்தமான வேலை அவளுடையதுதான். அவள் ஒருத்திதான் கெட்ட பெட்டியைக் கட்டுக்குள் செருகாமல், தினம் நாலைந்தைத் தன் முன்னால் அடுக்கி வைத்தாள். நான் முதலாளியிடம் பெருமையாகச் சொன்ன நாலு இருக்கிறதே, அந்த நாலும் அவளுடையது. மற்ற ஐம்பத்தொரு பேருக்கும் குறையே கிடையாது! நானும் அதை நம்புகிற மாதிரி உலாத்தினேன்.

ஒருநாள் அவள் ஒரு பெட்டியை என் முகத்துக்கு நேரே பிரித்துக் காட்டினாள். "ஃபோர்மேன், மடிப்புக்கோடு ஆழமா விழல. அட்டை நிமிந்துக்குது, பசை என்ன பண்ணும்? கோடு போடற அச்சைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க."

நான் சொன்னேன்: "அச்சை அப்புறம் பாக்கலாம். நீ கையைப் பாரு."

மருந்துக் கம்பெனிக்குப் போன ஒரு லோடு முழுசாகத் திரும்பி வந்தது. அடி பிரிந்து சீசாக்கள் விழுந்திருந்தன. குறைப்பெட்டி யாருடையது என்று தினம் குறித்து வைக்கிற நோட்டை முதலாளி புரட்டினார். நோட்டில் ஒரே ஒரு பேர்தான் நாள் தவறாமல் இருந்தது. இவதானா என்று என்னிடம் கேட்டார்.

ஆமா முதலாளி என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, துணியை நாலாக மடித்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். அழவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு முன்னால், அவசர லோடு என்றால் மணி அடித்த பிறகும் பத்துப் பேர் தானாக நிற்பார்கள். வம்பு பேசிக்கொண்டே முடித்துக் கொடுப்பார்கள். அப்புறம் மணி அடிக்கும்போதே கூடம் காலி. அச்சு கோணினாலும் பசை புளித்தாலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு வருஷத்தில் இருபத்திரண்டு பேர் போனார்கள், எல்லாம் நல்ல கை. மருந்துக் கம்பெனியும் போயிற்று. பெரிய முதலாளி கண்ணை மூடுகிற வரைக்கும், ஜனங்க மாறிட்டாங்கய்யா என்றே சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

மார்ச் 10, செவ்வாய்

சின்ன முதலாளியம்மா காரில் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல பெண், மரியாதை தெரிந்தது. நாளுக்கு நாற்பது கெட்டுப்போகிறதாம், வருகிற ஆள் ஆறு மாசம் தங்குவதில்லையாம். அப்பா நோட்டைப் பார்த்தால் ஒரு வருஷம் மட்டும் நாலு, நாலு, நாலு. "அந்த முறையைத் திரும்பக் கொண்டு வர்றோம்யா. பதினாறாம் தேதி நீங்களே வந்து எல்லாருக்கும் எடுத்துச் சொல்லணும்" என்றார்.

தண்ணீர் கொண்டுவந்த மருமகள் வாசல் நிலையிலேயே நின்றுவிட்டாள்.

கார் போனதும், "நீங்கதானா மாமா" என்றாள். கேள்வி மாதிரி இல்லை. ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 11, புதன்

காலையில் கிளம்பும்போது அவள் தோளில் புதுப் பை, பெரியது. என்னம்மா இது என்று கேட்டேன்.

"கெட்டதை மேசை மேல வைக்காம ஒளிச்சு எடுத்துட்டு வர்றதுக்கு. எல்லாரும் வாங்கிட்டாங்க. ரெண்டு பேர் பை வாங்கல, வேற வேலை பாத்துட்டாங்க."

இன்னும் சட்டமே வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

இடதுகைக்காரி பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதே வழக்கமாகிவிட்டது. இன்று நேரே போனேன்.

தலை வெளுத்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி இப்போதும் இடது கையில்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. துணி கொண்டு வந்தீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு, நூல், முடிச்சு, எல்லாம். அவள் ஒரு சட்டையை முடித்து அடுத்ததை விரித்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் ஃபோர்மேன். நீங்க கட்டினதை நானும் பாத்தேனே."

மன்னிச்சுக்கம்மா என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு? நான் கெடுக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். யாருக்குத் தெரியலையோ அங்க போய்ச் சொல்லுங்க. ஓரமா நில்லுங்க, சூடு படும்."

மார்ச் 15, ஞாயிறு

நாளைக்கு. மருமகளின் வேலை என்ன ஆகும்? மாமனார் வந்து மானத்தை வாங்கினார் என்று அவளை வெளியே அனுப்பிவிட்டால்? அவள் சம்பளத்தில்தான் பாதிக் குடும்பம். போய் நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு வந்துவிடலாமா? சால்வை போடுவார்களாம். போட்டுக்கொண்டு வந்துவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது —

இதே நினைப்பில்தானே அன்றைக்கும் நூலைக் கட்டினேன்.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

முப்பது பேர் இருந்தார்கள். மருமகள் கடைசி வரிசையில், தலை குனிந்தபடி. சின்ன முதலாளியம்மா பழைய நோட்டைத் தூக்கிக் காட்டி, நாலு, நாலு என்று படித்தார். என் முறை வந்தது.

"நாலு இல்லம்மா. அப்பவும் நாப்பதுதான். மிச்சம் முப்பத்தாறும் கட்டுக்குள்ள இருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றேன்.

அப்புறம் இடதுகைக்காரியைப் பற்றிச் சொன்னேன். குறையை ஒளிக்காதவளை, அவள் ஒளிக்கவில்லை என்பதற்காகவே வெளியே அனுப்பினோம் என்று சொன்னேன்.

அப்பாவுக்குத் தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டது. தெரியாது, நான் சொல்லவில்லை என்றேன். அது முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதன் அப்பாவின் நல்ல வருஷத்தை நான் ஒரே வார்த்தையில் பிடுங்கிக்கொண்டுவிட்டேன். சால்வை மேசை மேலேயே கிடந்தது. அந்தப் பெண் டிரைவரைக் கூப்பிட்டு, இவரை வீட்டில் விட்டுவிடு என்றது.

மார்ச் 17, செவ்வாய்

மருமகள் வேலைக்குப் போய் வந்தாள். என்னிடம் பேசவில்லை.

மார்ச் 25, புதன்

சின்ன முதலாளியம்மா போன் பண்ணினார். குரலில் இன்னும் கோபம் இருக்கிறது. இருக்கட்டும். சட்டத்தை நிறுத்திவிட்டாராம். வாசலில் ஒரு பலகை போட்டு, யாருடையது என்று கேட்காமல் கெட்டதையெல்லாம் அதில் வைக்கச் சொன்னாராம். "இன்னைக்கு அறுபத்தொண்ணுய்யா. நாப்பதுன்னு நெனைச்சுட்டிருந்தேன். பயமா இருக்கு."

பயப்படாதீங்க, யாருன்னு மட்டும் கேட்டுடாதீங்க என்றேன். அடிமடிப்பில் பிரிந்தவற்றைத் தனியாக எடுத்து, அச்சு வெட்டுகிறவரிடம் காட்டச் சொன்னேன்.

ஏப்ரல் 1, புதன்

அச்சுதானாம். கோடு போடும் பட்டை ஒரு பக்கம் மழுங்கியிருக்கிறதாம். மாற்றினதும் பலகையில் பதினெட்டாகிவிட்டது.

இடதுகைக்காரி சொன்னபோது கழற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை மணி.

சின்ன முதலாளியம்மா இஸ்திரிக் கடைக்கே போய், வந்து எல்லாருக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். காரணம் கேட்டதற்கு, நிறையத் துணி கிடக்கிறது என்றாளாம்.

ஏப்ரல் 4, சனி

சாயங்காலம் மருமகள் வந்தாள். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் முன்னால் தரையில் வைத்தாள். நசுங்கியிருந்தது. ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"இது நான் கெடுத்தது மாமா. அச்சு மேல பழி போட முடியாது, அது மாத்தினதுக்கு அப்புறம் ஒட்டினது. மூணு நாளா பையிலயே வெச்சுட்டுத் திரியறேன். பலகையில வைக்கக் கை வரல. என்ன தப்பு பண்ணினேன்னு பாருங்க."

பத்தொன்பது நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியை மடியில் வைத்துத் திருப்பினேன். ஏன் ஒளித்தாய் என்று கேட்கவில்லை. பசையை எந்த முனையிலிருந்து தடவ ஆரம்பித்தாய் என்று கேட்டேன்.