மூடியில் பச்சை மை

என்னவருக்கு,

பாப்பா நலம். கேரட்டை வேகவைத்து மசித்து, வெந்நீரில் கொதிக்கவிட்ட டப்பாவில்தான் வைக்கிறேன். மூடியில் தேதி எழுதுவது உங்கள் வேலை. நான் எழுதவே மாட்டேன். ஆனாலும் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பச்சை மையில் தேதி இருக்கிறது, உங்கள் கோணல் கையெழுத்தில்.

"துக்கத்துல நீயே எழுதிட்டு மறந்திருப்பே," என்றாள் அக்கா.

நேற்று மாலை வேலையிலிருந்து வந்து டப்பாவை எடுத்தேன். தேதியை அடித்துவிட்டு, "கொடுக்காதே" என்று எழுதியிருந்தது. அப்படியே கொட்டினேன். பிறகுதான் பக்கத்து வீட்டம்மா சொன்னார்: "இன்னிக்குப் பகல் முழுக்கக் கரண்ட்டே இல்லையேம்மா!"

கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பச்சைப் பேனாவை உங்கள் சட்டைப்பையில் வைத்தல்லவா புதைத்தோம்?

பதிலை மூடியிலேயே எழுதுங்கள்.

உங்கள் சண்டைக்காரி