மார்கழி கழியட்டும் என்றேன்

அண்ணை,

கடந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்கு உங்கள் அறைக்குள் மறுபடியும் நுழைந்தேன். புதுச் சாந்தின் மணம் மூக்கில் ஏறியது. தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் நீங்கள் வாடகைக்கு இருந்த அந்தப் பழைய செங்கல் வீட்டை ஆறு சொகுசு பிளாட்களாகப் பிரித்துவிட்டார்கள். மாதிரிக்கென்று ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கட்டிலும் தச்சுப் பெட்டியும் கிடந்த முதல் மாடி முன்னறை அதன் வரவேற்பறையில் பாதியாகக் கரைந்துவிட்டது.

பழக்கத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். விற்பனைக்கு நின்ற பெண் எங்கள் தமிழ்ப் பிள்ளைதான்.

"அங்கிள், ஷூ ஓகே. கழட்டத் தேவையில்லை. மகனுக்கோ பாக்கிறீங்கள்?"

பதிலுக்குக் காத்திராமல் உங்கள் யன்னலைக் காட்டினாள். "இது ஒரிஜினல், அங்கிள். விக்டோரியன்."

"இல்லைப் பிள்ளை. 2004 ஓகஸ்ட். செய்தவரை எனக்குத் தெரியும்."

"ஐயோ, அதை வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ" என்று சிரித்தாள்.

உளுத்த சட்டத்தைக் கழற்றி, மூன்று சனி ஞாயிறுகள் இழைத்து, பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு தெரியாதபடி நீங்கள் பொருத்திய யன்னல் அது. உங்களை வெளியேற்றியவர்கள் அதை வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. ஏனில்லை என்பதை உங்களிடம் நேரில் சொல்லத் தவறினேன், ஆகையால் எழுதுகிறேன்.

1988 டிசம்பர் 17, சனிக்கிழமை. ஜெர்மனியிலிருந்து வந்து ஒன்பது நாளாக என் அறைத் தரையில் படுத்திருந்தீர்கள். இரண்டு வீடு தள்ளி ஓர் அறை காலியென்று அறிந்து உங்களை அழைத்துச் சென்றேன். வீட்டுக்காரக் கிழவர் அறைக் கதவின் திறப்பை நீட்டி, விரும்பினால் இப்போதே கையெழுத்து வைக்கலாம் என்றார். நான் குறுக்கே நின்றேன்.

"மார்கழியிலை குடிபுகக்கூடாது, அண்ணை. கழியட்டும்."

"ஓய் பஞ்சாங்கம், இந்தக் குளிருக்கு மார்கழி தை தெரியுமோ?"

"குளிருக்குத் தெரியாட்டில் என்ன? எங்களுக்குத் தெரியவேணும்."

ஜனவரி 14, தைப்பொங்கல். வாயில் பொங்கலோடு மறுபடி கேட்டீர்கள்: "தை பிறந்திட்டுதுதானே, போய்க் கையெழுத்தை வைக்கட்டோ?" அன்று சனிக்கிழமை. சனியில் குடிபுகுவது ஆகாதென்றேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இன்னும் ஐந்து இரவுகள் என் தரையில் கிடந்தீர்கள். ஜனவரி 19, வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, நான் குறித்த நேரத்தில், வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனீர்கள். கிழவர் புதிதாய் வந்த அச்சுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் வாசிக்கவில்லை. திகதி சரியா என்று மட்டும் பார்த்தேன்.

அதன் பின் எங்கள் இருவருக்கும் வயதேறியது. கிழவர் இறந்தார், அவருடைய பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். 2023 மார்ச் 6 அன்று, இரண்டு மாதத்தில் வெளியேறும்படி உங்களுக்குக் கடிதம் வந்தது. அடுத்த வாரம், 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, நூலகத்தில் இலவச ஆலோசனை சொல்லும் சட்டத்தரணியிடம் போனோம். உங்களுக்கு ஆங்கிலம் கைவராததால் நான் மொழிபெயர்க்க வந்தேன். அந்த அம்மையார் வாடகைப் பத்திரத்தின் அடியிலிருந்த திகதியில் விரலை வைத்தார். 1989 ஜனவரி 15க்கு முன் தொடங்கிய குடியிருப்பென்றால் உங்களை இலகுவில் எவராலும் எழுப்ப முடிந்திருக்காது, அன்றுதான் சட்டம் மாறியது, நான்கே நாள் பிந்திவிட்டது என்றார்.

"என்னவாம்?" என்று கேட்டீர்கள்.

"ஏலாதாம், அண்ணை. சட்டம் மாறிப்போச்சாம்."

"எப்பவாம்?"

"அது கனகாலம்."

மருத்துவமனைப் பதிவேடுகளில் முப்பத்தொரு வருடம் திகதி எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு திகதியை மறைத்தது அந்த ஒரு நாள்தான்.

செப்டெம்பர் 30 அன்று கவுன்சில் உங்களைக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஓர் அறைக்கு மாற்றியது. முப்பத்துநான்கு வருடம், எட்டு மாதம், பதினொரு நாள் இருந்த இடத்தை விட்டுப் போனீர்கள். அதுவும் ஒரு சனிக்கிழமை. நாள் எப்படியென்று நீங்கள் கேட்கவில்லை. அந்த அறையின் யன்னல் நான்கு விரற்கடைக்கு மேல் திறவாது. போன நாளிலேயே அதைத் தள்ளிப் பார்த்தீர்கள். பிறகு கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டீர்கள்.

2024 ஜனவரி 19 அன்று, சொல்லிவிடுவதென்ற முடிவோடு ரயிலேறினேன். போர்வைக்குள் சுருண்டிருந்த நீங்கள் என்னை முந்திக்கொண்டீர்கள்.

"இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியுமோ, பஞ்சாங்கம்?"

"தெரியும், அண்ணை."

"நல்ல நாளாப் பாத்துத்தான் என்னைக் குடிவைச்சனி. முப்பத்துநாலு வருசம் ஒரு காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருந்திட்டன். இந்த லண்டனிலை ஆர் இருந்தவை அப்பிடி?" என்று என் கையைப் பிடித்தீர்கள்.

சொல்ல வேண்டிய நேரம் அது. நான், "தேத்தண்ணி போடட்டோ?" என்றேன்.

பெப்ரவரி 8, வியாழக்கிழமை, நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இப்போது என்னை அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, சரி. ஆனால் அளவுகோலோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்தவர், ஆங்கிலத்தில் எண்கள் தெரியாதவரல்ல நீங்கள். அந்த அம்மையார் ஜனவரி பதினைந்தென்றும் எண்பத்தொன்பதென்றும் சொன்னபோது நீங்கள் என் பக்கத்தில்தான் அமர்ந்திருந்தீர்கள். எல்லாம் விளங்கித்தான், நான் கூனிக் குறுகாதிருக்க என் கையைப் பிடித்தீர்களா? ஒன்றும் விளங்காமல், வீட்டைப் பறித்தவனுக்கே நன்றி சொன்னீர்களா? எதுவென்றாலும் என்னால் தாங்க ஏலாது. அந்த நன்றியை நீங்கள் தந்த நாள் எனக்குத் தெரியும். நேரமும் தெரியும், பிற்பகல் மூன்று இருபது. அதை எங்கே இறக்கி வைப்பதென்றுதான் தெரியவில்லை.