மச்சான், உன் பயங்கரங்களுக்கு என் பழி

மச்சான்,

இன்று காலை ரப்பர் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினேன். பூரான் விழுந்தது. நம் தீவுப் பூரான். நீளத்தில் கப்பல் கயிறு, கோபத்தில் உன் அப்பா. செருப்பால் அடிக்கும்போது உன் முகம்தான் தெரிந்தது. மனசுக்கு இதமாக இருந்தது.

உனக்கு எல்லாமே பயங்கரம். மீன் குழம்பு பயங்கரம், மெயின்லேண்ட் கப்பல் லேட்டானால் பயங்கரம், என் கல்யாணத்தில் உன் தங்கை கட்டிய புடவை பயங்கர அழகு. இடி, பாயசம், ஆபீசர், மத்தியானத் தூக்கம், எதையும் நீ விட்டுவைக்கவில்லை.

ஆனால் சௌல்தாரி பாக்குத் தோப்பில் என் பேண்டுக்குள் பூரான் ஏறி, ஊரே பார்க்க நான் பேண்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேனே, அதற்கு மட்டும் அந்தச் சொல் உன் வாயில் வரவில்லை. "சின்னப் பூச்சி மாப்ள, உன்னப் பாத்து அதுதான் பயந்துபோச்சு" என்றாய். மறுநாள் சாத்தம் ஜெட்டியில், படகுத்துறையில் காத்திருந்த கூட்டத்துக்கு நடித்தும் காட்டினாய். அன்றிலிருந்து வங்காளி மீன்காரர்கூட, "கியா மாமா, ஆஜ் பேண்ட் டைட் ஹை?" என்று, இன்றைக்குப் பேண்ட் இறுக்கமா என்றுதான் என்னை நலம் விசாரிக்கிறார்.

அன்றே சபதம் எடுத்தேன். உன்னை அழவைத்து, அந்தக் கண்ணீரில் மரைன் ஹில் முழுவதையும் கழுவிவிடுவதென்று. அதற்குள் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய் ஒளிந்துகொண்டாய்.

கடைசி நாள் சாயங்காலம் உன் தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். நீ என் கையைப் பிடித்து, "பயமா இருக்கு மாப்ள. போயிராத" என்றாய். அவ்வளவுதான். பாயசத்துக்குக் கொடுத்த அந்தப் பெரிய சொல்லை அன்று நீ தொடவே இல்லை. அவள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

இத்தனை வருடம் நான் தேடிய ஆயுதம் அது. ஜெட்டியில் ஒருமுறை அவிழ்த்துவிட்டால் போதும், உன் வீரமெல்லாம் கடலோடு போகும். நாக்கு நுனிவரை வருகிறது.

உன் தங்கை இன்னும் கேட்கிறாள், "அண்ணன் கடைசியா என்னங்க சொன்னாரு?"

"கஞ்சி பயங்கரமா இருக்குன்னான்."

"அந்த உப்பில்லாத கஞ்சியவா?" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறாள்.

இப்போது ஜெட்டி முழுக்க இதுதான் பேச்சு. ஏழு கடலையும் அதட்டிய மகாவீரன் ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் புகழ்ந்தபடி உயிரை விட்டான். மறுக்க வேண்டுமானால் நேரில் வா. நிஜத்தில் நீ சொன்னதை எவனுக்கும் தரமாட்டேன்.

ஆனால் என்னைப் போகாதே என்று சொல்லிவிட்டு நீ போனாயே, அதற்கான பழி தனியாகப் பாக்கி இருக்கிறது.